தங்கியவனும் சென்றவனும்

1925-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி, ஒஹாயோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில், இல்லினாய் சர்வகலாசாலை அணிக்காகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்த ரெட் கிரேஞ்ச் என்னும் இளைஞர், பட்டப்படிப்பு இன்னும் பூர்த்தியாகாத நிலையிலேயே, தாம் இனிப் பணத்துக்காக ஆடப்போவதாக அறிவித்தார். ஐந்தே நாட்களில், நன்றி நவிலும் திருநாளன்று, சிகாகோ பேர்ஸ் அணியின் உடையில் அவர் களமிறங்கினார். கோடை விடுமுறைகளில் வீட்டன் என்ற தம் சிற்றூரில், வீடு வீடாகப் பனிக்கட்டிப் பாளங்களைச் சுமந்து கொடுத்துக் கூலி பெற்றுப் படித்தவர் அவர். அவருக்கு ஆட்டம் பயிற்றிய பாப் ஸுப்கே இந்த முடிவை மனமார வெறுத்தார். கால்பந்தைக் கற்பித்துத் தாங்கள் ஜீவனம் செய்வது தகுமென்றால், அதையே ஆடி நான் ஜீவனம் செய்வது எப்படித் தகாததாகும் என்ற பொருள்பட கிரேஞ்ச் தம் ஆசிரியரைக் கேட்டார். அதற்கு அன்று யாரும் நேரான விடை கூறவில்லை. மாறாக, அடுத்த ஆண்டே, ஒரு மாணவனோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் காலம் வரும்வரை அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று தொழில்முறை அணிகள் தமக்குள் விதி செய்துகொண்டன.

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு, மலைபோன்ற சரீரங்கள் ஒன்றோடொன்று மோத, அங்குலம் அங்குலமாக நிலத்தைப் பற்றி முன்னேறும் விளையாட்டு அது. சர்வகலாசாலைகளே அதன் தாய்வீடு. சனிக்கிழமைதோறும் எண்பதினாயிரம், லட்சம் பேர் கூடும் அரங்குகளில் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் ஆடுகிறார்கள். அவர்களுள் மிகச் சிலரே என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைக் கழகத்தின் டிராஃப்டில், அதாவது அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் புது ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், தேர்வு பெறுகிறார்கள். அந்தச் சிலருள் பலர் நான்காவது ஆண்டை முடிக்காமலே அணியை விட்டுச் செல்கிறார்கள். சிலர் ஆண்டிறுதியில் நடக்கும் பௌல் ஆட்டத்தில் ஆட மறுக்கிறார்கள். வேறு பலர், 2018-இல் ஏற்பட்ட டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, ஒரு சர்வகலாசாலையை விட்டு மற்றொன்றுக்குப் போகிறார்கள். காரணம் என்ன என்று கேட்டால் பணம், காயபயம், அணியில் கிடைக்காத இடம், வேறிடத்தில் கிடைக்கும் வாக்குறுதி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. தன்னை நம்பிய கூட்டத்தை இடைவழியில் விட்டுச் செல்பவன் துரோகியா? தங்குவது கடமையென்றால், அந்தக் கடமை யாருக்குச் செலுத்த வேண்டியது?

இந்தக் கேள்வியைச் சரீரத்திலிருந்து தொடங்குவதே நியாயம். ஏனெனில் அந்த இளைஞனிடம் உள்ள மூலதனம் சரீரம் ஒன்றுதான். மார்க்கஸ் லாட்டிமோர் என்ற தென் கரோலினா சர்வகலாசாலை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். பந்தை ஏந்தி ஓடும் ஸ்தானத்தில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் வெகு சிலரே. பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் கழியாதவனைத் தொழில்முறைக் கழகம் ஏற்பதில்லை என்ற விதி 1990 முதல் நடைமுறையில் இருந்தது. அதை எதிர்த்து மோரிஸ் கிளாரெட் என்ற ஒஹாயோ ஸ்டேட் மாணவர் தொடுத்த வழக்கும் 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றுவிட்டது. ஆகவே லாட்டிமோர் நினைத்திருந்தாலும் முன்னதாகப் போயிருக்க முடியாது. இரண்டாம் ஆண்டில் ஒரு முழங்கால் குலைந்தது. அதைத் தேற்றிக்கொண்டு மூன்றாம் ஆண்டில் ஆட வந்தவருக்கு, 2012 அக்டோபரில் மற்றொரு முழங்காலும் குலைந்தது. நான்காம் சுற்றில் ஸான் பிரான்ஸிஸ்கோ அணி அவரைத் தேர்ந்தது. ஆனால் ஒரு தொழில்முறைப் பந்தயத்திலும் ஆடாமலே 2014-இல் அவர் விடைபெற்றுக்கொண்டார். நம் நீதி நூல்கள் முதுமையை நெருங்குபவனுக்கு யாக்கை நிலையாமையை ஓயாமல் எடுத்துச் சொல்கின்றன. இருபது வயதில், ஊரே தன் பெயரைக் கோஷிக்கும் வேளையில், அந்த நிலையாமையைப் பிரத்தியட்சமாகக் காணும் நிர்ப்பந்தம் இந்தப் பிள்ளைகளுக்கு நேர்கிறது. அப்படிக் கண்டவன் தன் சரீரத்தைக் காத்துக்கொள்ள நினைத்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல என் மனம் இசையவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் பழமையானது, கௌரவமானதும்கூட. நம் மரபில் அதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். உண்ணச் சோறும் தங்க இடமும் கல்வியும் கொடுத்து, பயிற்றுவித்து, ஊரறியச் செய்த நிறுவனத்துக்கு, அதன் மானம் களத்தில் நிற்கும் நாளில் தோள் கொடாமல் போவது நன்றியறிவாகுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் கடன் என்று ஒன்றைப் பேசத் தொடங்கினால் இரு பக்கத்துக் கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும்? 1955-இல் கொலராடோவின் போர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் என்பவர் களத்தில் பட்ட அடியால் உயிரிழந்தார். அவர் மனைவி, தொழிலாளர்க்குரிய நஷ்டஈடு கோரி வழக்காடினார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, ஆகவே ஆடியவர் தொழிலாளியல்லர் என்று 1957-இல் அந்த மாகாணத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973-இல், நான்கு ஆண்டுகளுக்கு உறுதியளித்து வந்த உபகாரச் சம்பளத்தை, ஆண்டுதோறும் புதுப்பித்தாலன்றித் தொடராத ஒன்றாகக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. மாற்றிவிட்டது, அடிபட்டவனையும் ஆட்டத்தில் மங்கியவனையும் ஆண்டிறுதியில் கைவிட அது வழி திறந்தது. பல ஆண்டுகளுக்கு வழங்கும் அனுமதி 2012-இல்தான் திரும்ப வந்தது; ஆட்டத்திறன் குறைந்த காரணத்தால் உதவியை நிறுத்தலாகாது என்று பெரிய சர்வகலாசாலைகளின் குழுமங்கள் தீர்மானித்ததோ 2015-இல். ஆக, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குச் சோறு இட்டவர் ஓராண்டுக்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. உண்டவன் மட்டும் ஆயுள்காலத்து நன்றியோடு இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கப்பட்டது. ஓராண்டு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உடன்படிக்கையின் பக்தியைக் கோருவது தர்மமாகாது.

ஆனாலும் கணக்குப் பார்த்து முடித்துவிடக் கூடிய விஷயமன்று இது. நிறுவனம் வேறு, உடன் ஆடும் தோழர்கள் வேறு. பந்தை ஏந்தி ஓடுபவனுக்கு முன்னே ஐந்து பேர் நின்று, தங்கள் மார்பிலும் கழுத்திலும் எதிரிகளின் வேகத்தைத் தாங்கி, அவன் ஓட ஒரு கணப் பொழுதுக்கு வழி அகற்றிக் கொடுக்கிறார்கள். அவர்கள் பெயரை அரங்கில் யாரும் சொல்வதில்லை. டிராஃப்டில் அவனுக்கு உயர்ந்த இடம் கிடைப்பது அவர்களுடைய தேக உழைப்பின் பலனுமாகும். அவர்களுக்கு அவன் ஒன்றும் கடன்படவில்லை என்று எவன் சொல்வான்?

இந்த இடத்தில் இருவர் சரித்திரத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உசிதம். 2016 ஜனவரி 1-ஆம் தேதி, பியெஸ்டா பௌல் ஆட்டத்தில், நோட்ர டேம் என்னும் கத்தோலிக்க சர்வகலாசாலைக்காக ஜேலன் ஸ்மித் ஆடினார். அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் சிலருள் ஒருவராகத் தேர்வு பெறுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்த வீரர். அந்த ஆட்டமோ தேசிய வெற்றிப் பட்டத்துக்குரியதன்று. முதற்பாதியிலேயே அவர் இடது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. டிராஃப்டில் 34-ஆவது ஆளாக டாலஸ் அணி அவரை எடுத்தது. 2016 பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அதே களத்தில் எதிரணிக்காக நான்கு முறை எல்லைக் கோட்டைக் கடந்த எஸிகியல் எலியட் 4-ஆவது ஆளாக அதே டாலஸ் அணிக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பரில், ஸ்டான்பர்டின் கிறிஸ்டியன் மக்காப்ரியும் லூயிசியானா ஸ்டேட்டின் லெனர்ட் போர்னெட்டும் தாங்கள் பௌல் ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சகோதரர்களோடு இன்னும் ஒருமுறை ஆட எதையும் தரத் தயார் என்ற கருத்தில் எலியட் எழுதினார். ஜேலன் ஸ்மித்தோ, இத்தனை துன்பத்தையும் அனுபவித்த பிறகும், திரும்பப் போக முடியுமானால் அந்த ஆட்டத்தில் மறுபடியும் ஆடவே செய்வேன் என்றார்.

டிசம்பர் 30-ஆம் தேதி டெக்ஸஸின் எல் பாஸோவில் மக்காப்ரி இல்லாமலே ஸ்டான்பர்ட் 25-23 என்று வென்றது. அதே நாளில் பிளாரிடாவில், ஆரஞ்சு பௌலில் ஆடத் துணிந்த மிஷிகனின் ஜேக் பட் என்பவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. ஐந்தாம் சுற்றுவரை அவர் காத்திருக்க நேர்ந்தது. பின்னால் மக்காப்ரி 8-ஆவது ஆளாகத் தேர்வு பெற்றார். இவற்றை எண்ணிப் பார்த்து, போனவன் புத்திசாலி, தங்கியவன் ஏமாளி என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஸ்மித்தின் சொல்லைக் கேட்டபின் அவரை ஏமாளி என்பவன், கொடையை நஷ்டக் கணக்கில் எழுதும் மூடனாவான். ஆயினும் ஸ்மித் செய்தது மகத்தானது என்பதனால் மக்காப்ரி செய்தது இழிவு என்று ஆகிவிடுமா?

அமெரிக்கத் தென் மாகாணங்களில் கால்பந்துக்குச் சனிக்கிழமையும் தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் உரியவை. அங்குள்ள தேவாலயங்களில் நன்கு அறியப்பட்ட கதை விவிலியத்தின் ரூத்துடையது. கணவனையும் மக்களையும் இழந்து சொந்த ஊருக்குத் திரும்பும் நகோமி, தன் மருமக்கள் இருவரையும் அவரவர் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ரூத் போக மறுத்து அவளோடு ஒட்டிக்கொள்கிறாள். அவளுடைய விசுவாசத்தைப் போற்றாத பிரசங்கி இல்லை. மற்றொருத்தியாகிய ஓர்பாள், மாமியை முத்தமிட்டு, அழுது, தன் ஜனங்களிடம் திரும்பிப் போகிறாள். அவள்மேல் வேதம் ஒரு நிந்தைச் சொல்லும் சொல்லவில்லை. நகோமி அவளை விடுவித்திருந்தாள்; அவள் எடுத்துச் சென்றது தன் வாழ்க்கையை மட்டுமே. ரூத்தின் செயல் மகிமையுடையதாக இருப்பதற்குக் காரணமே, ஓர்பாளைப் போலப் போகவும் அவளுக்கு உரிமை இருந்தது என்பதுதான்.

கம்பன் இதே தர்மசங்கடத்தை இன்னும் கடுமையான களத்தில் நிறுத்திக் காட்டுகிறான். கும்பகருணன் தன் தமையன் செய்தது அதர்மம் என்று அறிவான். சபையில் அதை எடுத்தும் சொன்னான். இருந்தும், தன்னை நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடாமல் அப்பால் போவதில்லை என்று நிற்கிறான். அவனை அழைத்துப் போக வந்த வீடணன் அறத்தின் பக்கம் சென்றுவிட்டவன். படிக்கிறவன் ஆச்சரியப்படும் இடம் எதுவென்றால், தங்கியவன் சென்றவனைப் பழிப்பதில்லை. நீ போய் இராமனோடு வாழ், நம் குலத்துக்கு எள்ளும் நீரும் இறைக்க ஒருவன் வேண்டும் என்ற கருத்தோடு, தழுவி விடை கொடுத்து அனுப்புகிறான். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுப்பவனே, அந்தக் கடனைத் தம்பியிடம் வற்புறுத்தவில்லை. தனக்கு விதித்துக்கொண்ட தியாகத்தைப் பிறனுக்கு விதிக்க எவனுக்கும் அதிகாரமில்லை என்று அவன் உணர்ந்திருந்தான். ஜேலன் ஸ்மித்தும் தம்மைப் பற்றிப் பேசினாரேயன்றிப் பிறரைத் துரோகி என்றாரில்லை. கூக்குரல் பெரும்பாலும் எழுந்தது, இழப்பதற்கு ஒரு முழங்காலும் இல்லாத இருக்கைகளிலிருந்தும் செய்தி மேடைகளிலிருந்துமே.

விசுவாசம் என்ற பொருளைப் பற்றி அமெரிக்காவில் ஆழ்ந்து சிந்தித்தவர் ஹார்வர்டில் தத்துவம் போதித்த ஜோசையா ராய்ஸ். 1908-இல் வெளியான அவருடைய நூல் முழுவதுமே அதைப் பற்றியது. மனிதன் தானே மனமுவந்து ஒரு லட்சியத்தைத் தெரிந்தெடுத்து, அதற்குத் தன்னை முழுமையாக, செயலளவில் ஒப்புக்கொடுப்பதே விசுவாசம் என்று அவர் வகுத்தார். பிறருடைய விசுவாசத்தை உறிஞ்சி வளரும் லட்சியம் நல்ல லட்சியமாகாது என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. அவர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பயிற்சியாளர்களைப் பார்ப்போம். 2009 டிசம்பரில், ஒரு தோல்வியும் காணாத சின்சினாட்டி அணியை அதன் சுகர் பௌல் ஆட்டத்துக்கு முன்பே விட்டு பிரையன் கெல்லி நோட்ர டேமுக்குப் போனார். 2021 நவம்பரில், வெற்றிப் பட்டத்துக்கான வாய்ப்பு நோட்ர டேமுக்கு இன்னும் மீதமிருந்தபோதே, லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அவரும் சட்டப்படி குற்றம் செய்தவரல்லர். மேலான பதவி நாடுவது மனித இயல்பு. ஆனால் வயது முதிர்ந்து, செல்வம் நிறைந்து, வழிகாட்டி என்ற ஸ்தானத்தில் இருப்பவருக்குப் பதவி உயர்வென்று நாம் பெயரிடுவதை, இருபது வயதில் கையில் காசில்லாத பிள்ளை செய்தால் சுயநலம் என்று பெயரிடுவது எந்த நீதி நூலிலும் இல்லாத பாகுபாடு. ஸுப்கேயிடம் கிரேஞ்ச் கேட்ட கேள்வி இன்றும் அங்கேதான் நிற்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, போவோர் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பை நான் எழுதிவிட விரும்பவில்லை. தங்குவது கொடை என்றேன். கொடையைக் கேட்டு வாங்க முடியாது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்ட இடத்தில் அது கொடையல்ல, கடன். பருவம் தொடங்கும் முன் ஒருவன் தோழர்களோடு கோடை வெயிலில் பயின்று, இந்தப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு நான் உங்களோடு என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறான். அதை நம்பி அவர்கள் தங்கள் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா சர்வகலாசாலையின் குவாட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரர் ஒருவர், மூன்று ஆட்டங்களும் வெற்றியாக இருந்த நிலையில், தமக்குச் சொன்ன பணம் தரப்படவில்லை என்று கூறி அணியை விட்டு விலகினார். அப்படியொரு வாக்குறுதி தரப்படவில்லை என்று மறுதரப்பு சொன்னது. வாக்கு உண்மையில் தரப்பட்டு மீறப்பட்டிருந்தால் அவர்மேல் குறையில்லை. முதலில் உடன்படிக்கையை முறித்தவர் மற்றவராகிறார். அப்படியில்லாமல் மேலும் கிடைக்கும் என்பதற்காகவே ஒருவன் பருவத்தின் நடுவில் போவானாகில், அவன் தோழர்களின் நம்பிக்கையை விற்றவனாகிறான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

பௌல் ஆட்டத்தைத் தவிர்ப்பது இதனோடு ஒன்றாகாது. பருவம் முடிந்துவிட்டது, பட்டத்துக்கான வழியும் அடைபட்டுவிட்டது, மிஞ்சியது காட்சிக்கான ஓர் ஆட்டம். 2023-இல் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்ற பிளாரிடா ஸ்டேட் அணியை, அதன் முதன்மைக் குவாட்டர்பேக் காயமுற்றிருந்தார் என்பதையும் கருதி, பட்டப் போட்டிக்குத் தேர்வுக் குழு சேர்க்கவில்லை. அதன் பிறகு அணியின் வீரர்கள் பலர் ஆரஞ்சு பௌலில் ஆடவில்லை. எஞ்சியிருந்த இளம் மாணவர்கள் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். அந்த இரவில் களத்தில் நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமே உண்டாகிறது. ஆனால் அந்த வருத்தத்தின் காரணகர்த்தர்கள் போனவர்கள் மாத்திரமல்லர். வென்றவனுக்கு வெற்றியின் பலனைக் கொடாத ஏற்பாட்டுக்கே முதற்பங்கு.

2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயராலும் உருவத்தாலும் வருமானம் தேட அனுமதி பெற்றார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி அதில் சேரும் ஒவ்வொரு சர்வகலாசாலையும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேராகப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றாயிற்று. இதனால் விசுவாசம் அழிந்தது என்று புலம்புகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் மாறானது. கூலி கொடாதவன் நன்றியையே கூலிபோல வற்புறுத்தி வாங்கினான். கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படும் இடத்தில்தான், அதற்கு மேல் ஒருவன் தருவது எது என்று பிரித்துக் காண முடியும். நான்காவது ஆண்டுக்கும் திரும்பி வருகிறவன் இனி உண்மையாகவே தங்குகிறவன் ஆவான்.

ஜெரோம் பெட்டிஸ் 1993-இல் தம் மூன்றாவது ஆண்டோடு நோட்ர டேமை விட்டு டிராஃப்டுக்குப் போனார். பதின்மூன்று பருவங்கள் ஆடி, 2006-இல் தாம் பிறந்த டிட்ராய்ட் நகரத்திலேயே, தொழில்முறைக் கழகத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று ஓய்வு பெற்றார். கீர்த்தி மண்டபத்திலும் அவர் சிலை இடம் பெற்றது. பட்டத்தை முடிப்பேன் என்று தாய்க்கு அவர் சொல்லியிருந்தார். 2022-இல் நோட்ர டேமுக்குத் திரும்பி, தம் பிள்ளைகளின் வயதை ஒத்த மாணவர்களோடு வகுப்பில் அமர்ந்து, ஐம்பதாம் வயதில் அந்த மே மாதம் பட்டம் பெற்றார். இப்படித் திரும்பி வருகிறவனுக்கு, அவன் அணியை விட்டுப் போன ஆண்டைக் கேட்காமல் இடம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சர்வகலாசாலைகள் அத்தனையும் செய்ய வேண்டும். உபகாரச் சம்பளத்தையும் அந்நாள் வரை நீட்டித்துத் தர வேண்டும்.